நாலாம் டிஸ்க்கின் ஓட்டைகளை மூன்றாம் டிஸ்க்கால் அடைத்தது

விழுந்த சர்வரில் இருந்து கோப்புகளை மீட்கும் வேலை முடிந்தது. 6.8 டெராபைட்டில் பழுதாகவே நின்றது ஐந்து கோப்பு. அதிலும் மூன்று வீடியோ. ஓடும்போது அரை விநாடிக்குப் பச்சைக் கட்டம் விழுகிறது, அவ்வளவுதான். ரெய்ட் 5 என்பது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று விழுந்தாலும் மற்றவற்றில் இருந்து அதன் தரவைக் கணக்கிட்டுத் தரும் முறை. நாலு டிஸ்க் ரெய்ட் 5 இல் இரண்டு விழுந்தால் எல்லாம் போச்சு என்பார்கள். புத்தகப்படி அது சரி. ஆனால் இரண்டும் ஒரே நிமிடத்தில் விழுவது அரிது. எது முதலில் விழுந்தது, எதனால் விழுந்தது என்று தோண்டிப் பார்த்தால் கைக்கு ஏதாவது அகப்படும். செய்ததை மறக்கு முன் எழுதி வைக்கிறேன்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அலுவலகம் கழித்த டவர், நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், டெபியன் லினக்ஸ். உள்ளே 4 டெராபைட் டிஸ்க் நாலு, லினக்ஸின் மென்பொருள் ரெய்ட் 5, மேலே எக்ஸ்ட்4 கோப்பு முறை. மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டின் பின் அறையில் ஓடுகிறது. கடல் கூப்பிடு தூரம், கூரை சீட். நானும் ஒரு கூட்டாளியும் கலியாண வீடியோ எடுக்கிறோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் குளிர்த்திச் சடங்கு, ஊரில் ஆடும் வடமோடி, தென்மோடிக் கூத்து எல்லாம் காசு வாங்காமல் பதிவு செய்து வைத்திருக்கிறோம். கூத்துப் பதிவுக்கு இன்னொரு பிரதி எங்கும் கிடையாது. ரெய்ட் என்பது பேக்கப் அல்ல என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எனக்கும் தெரியும். ஏழு டெராபைட்டுக்கு இன்னொரு பிரதி வைக்கும் காசு அந்த வருடம் கமரா லென்ஸுக்குப் போனது.

கார்த்திகை மழை தொடங்கி, இரவு முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. காலையில் கோப்புறை திறக்கவில்லை. திரையில் வாசிப்புப் பிழை வரி வரியாக ஓடியது. கட்டாரில் வேலை செய்யும் மச்சான் ஒருவருக்கு இந்த வேலை தெரியும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார். "ஒண்டையும் எழுதாத மச்சான். விழுந்த டிஸ்க்க திரும்ப உள்ளுக்குப் போடச் சொல்லிக் கேக்கும், போடாத. முதல்ல நிப்பாட்டு."

நிற்பாட்டினேன்.

கழற்றும் முன் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதி, பக்கத்தில் சீரியல் இலக்கத்தையும் கொப்பியில் குறித்தேன். லினக்ஸ் கொடுக்கும் எழுத்துப் பெயரை நம்ப முடியாது, ஒரு வயரை மாற்றிக் குத்தினால் மாறிவிடும். சீரியல் மாறாது. பிறகு வந்த எல்லாக் குழப்பத்திலும் காப்பாற்றியது அந்தக் கொப்பிதான்.

சர்வரின் சொந்த டெபியனை எழுப்பாமல், பென் டிரைவில் இருந்து சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸை எழுப்பி, ரெய்டைக் கையாளும் எம்டிஅட்ம் கருவியால் நாலு டிஸ்க்கின் தலைப்பையும் வாசித்தேன். இதற்குக் கொடுக்க வேண்டியது 'எக்ஸாமின்' கட்டளை மட்டும்; அது எதையும் எழுதாது. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் கடைசியாகக் கண்ட நிலையைத் தன் தலையில் எழுதி வைத்திருக்கும். இருப்பவர் 'ஏ', இல்லாதவர் புள்ளி. டிஸ்க் 1, 2 இரண்டும் "ஏ ஏ புள்ளி புள்ளி" என்றன. டிஸ்க் 4 "ஏ ஏ புள்ளி ஏ" என்றது. அதாவது 4 இன் கணக்கில் 3 மட்டும்தான் ஆளில்லை. டிஸ்க் 3 ஐப் பார்த்தால் நாலும் 'ஏ'. தான் விலக்கப்பட்டதே அதற்குத் தெரியாது. கடைசியாக எழுதிய திகதி ஆனி மாதம்.

ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஏறும் ஈவென்ட் எண்ணும் அதையே சொன்னது. 1 க்கும் 2 க்கும் ஒரே எண், 4 அதைவிட இருபதுக்குள் பின்னால், 3 பதினேழாயிரம் பின்னால். ஆகவே ஆனியில் 3 விழுந்திருக்கிறது. ரெய்ட் 5 ஒன்று போனாலும் ஓடும் அல்லவா, ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல் போனதா என்றால், போனது. சர்வருக்குள்ளேயே இருக்கும் ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் பெட்டிக்குப் போய் அங்கேயே கிடந்தது. கார்த்திகையில் 4 உம் விழுந்ததும் கதை முடிந்தது.

இந்த வரிசை தெரிந்தால் அடுத்த முடிவு தானாக வருகிறது. சேர்க்க வேண்டியது 1, 2, 4. ஐந்து மாதம் பின்தங்கிய 3 ஐச் சேர்த்தால் கோப்பு முறை கந்தலாகும். ஆனால் 3 ஐ அழிக்கவும் கூடாது. அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

அடுத்தது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களில் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கை. டிஸ்க் 1, 2 சுத்தம். டிஸ்க் 4 இல் 197 ஆம் எண், அதாவது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டு), 96. இது மேற்பரப்பு நோய், கூடிக்கொண்டே போகும். ஆச்சரியம் டிஸ்க் 3. மேற்பரப்புப் பழுதைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் அதில் பூச்சியம். 199 மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொச்சம். 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் தகவல் போய் வரும்போது விழும் பிழை. அதாவது டிஸ்க் நல்லது, வயரில்தான் கோளாறு. சாட்டா வயரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்க் பக்கத்துத் தங்க நிறக் கீற்றுகளில் இரண்டில் களிம்பு பூத்திருந்தது. வயரின் வாய்க்குள்ளும் அதே பச்சை. கல்லடிக் காற்றில் சைக்கிள் செயினே மாரிக்கு மாரி துருப்பிடிக்கிறது, இது எம்மாத்திரம்.

இதைச் சுத்தம் செய்யும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. காத்தான்குடியில் போன் திருத்தும் நானா ஒருவரிடம் போய் ஐசோப்ரொபைல் அல்கஹோல் ஒரு சின்னப் போத்தல் கேட்டேன். போத்தலோடு தன் அனுபவத்தையும் தந்தார். "ரெண்டு பக்கமும் துடைக்க வேணும் தம்பி. போர்ட்டைக் கழட்டிப் பாருங்க, அதுக்குக் கீழயும் பூத்திருக்கும்." டிஸ்க்கின் அடியில் பச்சைப் போர்டைப் பிடித்திருப்பது நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டி6 பிட் வேண்டும். கழற்றித் திருப்பினால் சுழலும் மோட்டருக்கும் வாசிப்புத் தலைக்கும் போகும் ஈயப் பொட்டுகள் தெரியும். 3 இல் அவை கறுத்துப் போயிருந்தன. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி எறியாமல் தூரிகையால் கூட்டி, அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, அரை மணித்தியாலம் உலர விட்டேன். பொட்டுகள் வெள்ளியாக மினுங்கின. புது வயரில் 3 ஐப் போட்டு முதல் சில ஜிபியை வாசித்தபோது 199 ஒன்றுகூட ஏறவில்லை. கழற்றிப் பொலித்தீனில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

டிஸ்க் 4 க்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒரு கடையில் போர்டை மாற்றலாம் என்றார்கள். இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கும். சிப்பையும் பெயர்த்து ஒட்டாமல் போர்டை மட்டும் மாற்றிப் பலனில்லை, அதோடு இங்கே கோளாறு போர்டிலும் இல்லை. இன்னொருவர் பிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொன்னார். மட்டக்களப்பு ஈரக் காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியில் எடுத்தால் என்ன நடக்கும் என்று சோடாப் போத்தலைப் பார்த்தாலே தெரியும். கொழும்பில் தரவு மீட்பவர்கள் சொன்ன தொகைக்கு இரண்டு புதிய சர்வர் கட்டலாம். டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று தட்டும் சத்தம் வந்திருந்தால் அந்தக் காசைக் கொடுத்திருப்பேன். வாசிப்புத் தலை அடிபட்டால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. இது சத்தமில்லாமல் சுழன்றது, ஆகவே இறங்கினேன்.

இனிப் பிரதி எடுப்பது. கருவி டிடிரெஸ்க்யூ. சாதாரண டிடி பிழை வந்த இடத்தில் நின்றுவிடும். இது பிழையைத் தாண்டிப் போய், நல்லதை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே வாசித்தது, எங்கே விட்டது என்பதை மெப் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். அந்த மெப் கோப்பை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். பென் டிரைவில் இருந்து எழுப்பிய லினக்ஸில் வீட்டுக் கோப்புறை ராமில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் மெப்பும் போகும். இன்னொரு பென் டிரைவைக் குத்தி அதில் வைத்தேன்.

பிரதி வாங்க ஒரு புதிய 4 டெராபைட் டிஸ்க் எடுத்தேன், வேறு கம்பனி. அளவு ஒரு செக்டர் குறைந்தாலும் சரிவராதே என்று யோசனை. ஆனால் 4 டெராபைட் என்றால் பொதுவாக எல்லாக் கம்பனியும் 7,814,037,168 செக்டர் என்ற ஒரே கணக்கில்தான் செய்கிறது. பார்த்தேன், இரண்டும் ஒன்று.

முதலில் டிஸ்க் 4 ஐ, வெளியில் வைத்தே யூஎஸ்பியில் இணைக்கும் டொக்கில் வைத்து ஓட்டினேன். மேசையில் வைத்துக் காற்றாடி பிடிக்க வசதி என்று. ஆயிரத்து முந்நூறு ஜிபி வரை நன்றாகப் போனது. கெட்ட இடம் வந்ததும் டிஸ்க் யோசித்துக்கொண்டு நின்றது, டொக் பொறுக்காமல் தன்னைத் தானே ரீசெட் செய்தது, டிஸ்க் பட்டியலில் இருந்தே மறைந்தது. டிடிரெஸ்க்யூவுக்கு அது தெரியாது. இல்லாத டிஸ்க்கை வாசிக்கப் பார்த்து, மிச்சம் முழுவதையும் வாசிக்க முடியாதது என்று மெப்பில் வேகமாக எழுதித் தள்ளியது. திரையில் பிழையின் அளவு நூறு நூறு ஜிபியாக ஏறியதைப் பார்த்து வயிறு கலங்கியது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கணக்குத்தான் பிழை. மெப்பை அழித்து, டிஸ்க்கை நேரே மதர்போர்டின் சாட்டா வாயில் போட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கூடவே லினக்ஸின் மையமான கேர்னலின் பொறுமையையும் கூட்டினேன். சாதாரணமாக ஒரு டிஸ்க் 30 விநாடி பதில் சொல்லாவிட்டால் லினக்ஸ் அதை உலுக்கத் தொடங்கும். மேசைக் கொம்பியூட்டருக்கு என்று விற்கும் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரோடு அதைவிடக் கூட நேரம் மல்லுக்கட்டும். 180 விநாடி என்று மாற்றியதும் ரீசெட் நின்றது. 4 ஐ ரெய்ட் வெளியே தள்ளியதற்கும் இந்த 30 விநாடி ஒரு காரணமாக இருக்கும்.

சூடு அடுத்த தலையிடி. சீட்டுக் கூரையின் கீழ் பகல் ஒரு மணிக்கு டிஸ்க் 52 பாகை காட்டியது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசைக் காற்றாடியை ஓட விட்டதும் 41 க்கு இறங்கியது. கெட்ட இடங்களை மீண்டும் முயலும் கட்டத்தை இரவுக்கு ஒதுக்கினேன். குளிர்ந்த நேரத்தில் கொஞ்சம் கூட வாசிக்கிறது என்பது என் எண்ணம், அளந்து பார்க்கவில்லை.

யூபிஎஸ் பெயருக்கு இருந்தது. கரண்ட் போனதும் ஒரு 'பீப்', அடுத்த விநாடி இருள். திறந்தால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி வயிறு ஊதி, பெட்டியில் இருந்து இழுக்கவே வரவில்லை. புதுசு போட்டதும் இருபது நிமிடம் தாக்குப் பிடித்தது. பிரதி ஓடும்போது அதையும் தாண்டிய வெட்டு ஒன்று வந்தது. கன்ட்ரோல் சி அடித்து நிற்பாட்டி அணைத்தேன். கரண்ட் வந்ததும் அதே கட்டளையை அதே மெப்போடு கொடுக்க, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தது. ஒழுங்கான டிஸ்க் என்றால் 4 டெராபைட்டுக்கு எட்டொன்பது மணித்தியாலம் போதும். இங்கே முதல் சுற்று 99.999 வீதத்தை அவ்வளவு நேரத்தில் முடித்துவிட்டு, மிச்ச 38 எம்பிக்கு அதைவிடப் பல மடங்கு எடுத்தது. பின்பக்கமிருந்து முன்பக்கம் வாசிக்கும் தெரிவையும் கொடுத்தேன். பாதிக்கு மேல் கரைந்தது. கடைசியில் 1.4 எம்பி நின்றது. 197 ஏறத் தொடங்கியதும் நிறுத்தினேன். 1.4 எம்பிக்காகத் தலையையே சாகடிப்பதில் அர்த்தமில்லை.

டிஸ்க் 4 இன் வேலை அத்தோடு முடிந்தது. இனி '4' என்றால் பிரதிதான்.

1, 2 க்கும் பிரதி எடுப்பதுதான் முறை. அதற்கு இன்னும் இரண்டு டிஸ்க் வேண்டும், காசில்லை. ஆகவே ஓவர்லே. ஒவ்வொரு டிஸ்க்கையும் எழுத முடியாதபடி பூட்டி, அதன் மேல் ஒரு வெற்றுக் கோப்பைப் போர்த்துவது. எழுதுவதெல்லாம் அந்தக் கோப்புக்குப் போகும், வாசிப்பது அடியில் உள்ள டிஸ்க்கில் இருந்து வரும். பள்ளிக்கூடத்தில் படத்தின் மேல் டிஷூ பேப்பர் வைத்து வரைவோமே, அது போல. பிழைத்தால் பேப்பரைக் கசக்கி எறியலாம். டிவைஸ் மெப்பரின் ஸ்னெப்ஷொட் வசதியில் இது நடக்கிறது. எஸ்எஸ்டியில் டிஸ்க்குக்கு 4 ஜிபி என்று ஒதுக்கினேன், அதில் நூறு எம்பிகூட நிரம்பவில்லை.

ஓவர்லேயின் மேல் 1, 2, பிரதி-4 மூன்றையும் 'அசெம்பிள்' கட்டளையோடு 'ஃபோர்ஸ்' சேர்த்து எழுப்பினேன். இருபது ஈவென்ட் பின்னால் இருந்த 4 ஐ எம்டிஅட்ம் முன்னுக்குத் தள்ளி ஏற்றுக்கொண்டது. இந்த இடத்தில் 'கிரியேட்' கட்டளையைக் கொடுக்கும்படி எழுதியிருப்பதைப் பல இடத்தில் காணலாம். வேண்டாம். டிஸ்க்குகளின் வரிசை, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் எல்லாம் பழையபடி அச்சொட்டாகக் கொடுத்தால்தான் அது சரி. புதிய எம்டிஅட்ம் தரவு தொடங்கும் இடத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்றி வைக்கும். ஓவர்லே இல்லாமல் கொடுத்தால் பழைய தலைப்பே அழிந்துவிடும்.

எக்ஸ்ட்4 ஐ வாசிக்க மட்டும், ஜர்னல் என்ற அதன் மாற்றக் குறிப்பேட்டையும் ஓட்டாமல் மவுண்ட் செய்தேன், அதாவது கோப்புறைகள் தெரியும்படி இணைத்தேன். கோப்புறைகள் வந்தன. கூத்து என்ற கோப்புறையைத் திறந்து, இராவணேசனாக ஆடிய ஒருவர் தாளத்துக்குச் சுழன்று நிற்கும் இடத்தை ஓட விட்டேன். சலங்கை கேட்டது.

கொப்பி பண்ணும் வரிசையை முன்பே எழுதி வைத்திருந்தேன். வேறெங்கும் பிரதி இல்லாத கூத்தும் சடங்கும் முதலில், பிறகு இன்னும் கையளிக்காத கலியாணங்கள், பிறகு ஸ்கேன் செய்த குடும்பப் படங்கள், காசு வாங்கிக் கொடுத்து முடிந்த வேலைகள் கடைசியில். புதிய 8 டெராபைட் வெளி டிஸ்க்குக்கு ஆர்சிங்க் என்ற கொப்பி பண்ணும் கருவி கொண்டு போனது.

எல்லாம் வந்தாயிற்று, சரி. ஆனால் அந்த 1.4 எம்பி எந்தக் கோப்புகளில் விழுந்தது? வாசிக்க முடியாத இடத்தில் பிரதி டிஸ்க்கில் பூச்சியம்தான் இருக்கிறது. ஆர்சிங்க் ஒரு பிழையும் சொல்லாமல் அதையும் கொப்பி பண்ணியிருக்கும்.

டிடிரெஸ்க்யூவில் 'ஃபில்' என்று ஒரு வசதி இருக்கிறது. மெப்பில் கெட்டது என்று குறித்த இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் சொல்லால் நிரப்பும். ஒரு சொல்லைக் கொடுத்து நிரப்பி, அந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கிரெப் என்ற தேடும் கருவியைப் போட்டுத் தேடினேன். பதினொரு கோப்பு வந்தது. கொஞ்சம் சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் உறைத்தது, இது பாதிதான். இந்த ரெய்ட் அடுக்கில் டிஸ்க் 3 கிடையாது. அதில் இருக்க வேண்டிய தரவை 1, 2, 4 மூன்றையும் எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கால் சேர்த்துத்தான் ரெய்ட் தருகிறது. 4 இல் ஓர் இடம் கெட்டால், அதே வரிசையில் 3 க்கென்று கணக்கிடும் இடமும் கெடும். ஆனால் அங்கே நான் கொடுத்த சொல் சொல்லாக வராது, மற்றவற்றோடு கலந்து குப்பையாக வரும். கிரெப்புக்கு அது தெரியாது.

இதற்கு வழி மிகச் சுலபமாக அமைந்தது. 8 டெராபைட்டில் உள்ள பிரதி, கெட்ட இடங்களில் பூச்சியம் இருந்தபோது எடுத்தது. இப்போது அடுக்கில் அதே இடங்களில் வேறு சொல் இருக்கிறது. கெட்ட இடத்தைத் தொடும் எந்தக் கோப்பும், நேராகத் தொட்டாலும் சரி, கணக்கின் வழியாகத் தொட்டாலும் சரி, இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்க முடியாது. ஆகவே ஆர்சிங்கை, கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற செக்சம் ஒப்பீட்டோடு, கொப்பி பண்ணாமல் ஒத்திகையாக மட்டும் ஓட விட்டேன். ஓர் இரவும் மறுநாள் பகலில் பாதியும் ஓடியது. பட்டியலில் பதினெட்டுக் கோப்பு. மற்ற எல்லாம் பைட்டுக்குப் பைட் ஒன்று. கெட்ட இடங்களில் கணிசமானவை வெற்றிடத்தில் விழுந்திருக்கின்றன, எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது லாச்சிக்குள் இருந்த டிஸ்க் 3.

அது ஆனியோடு நின்ற டிஸ்க். ஆனால் ஆனிக்கு முன் எழுதி, பிறகு தொடாத இடங்களில் அதன் தரவு இன்னும் செல்லும். அந்த இடங்களுக்கு 1, 2, 3 மூன்றும் சேர்ந்தால் 4 இல் இருந்தது என்ன என்று கணக்கிடலாம். முழு அடுக்காக அது பிரயோசனமில்லை. எழுப்பி மவுண்ட் செய்யப் பார்த்தேன், எக்ஸ்ட்4 மறுத்துவிட்டது. மவுண்ட் தேவையும் இல்லை. வேண்டியது குறிப்பிட்ட சில பிளொக் மட்டும்.

செய்தது இதுதான். 1, 2, 4 அடுக்கு எழும்பி இருக்கும்போதே, பதினெட்டுக் கோப்பில் ஒவ்வொன்றையும் 8 டெராபைட் பிரதியோடு சிஎம்பி கருவியால் ஒப்பிட்டு, எந்தெந்தப் பைட்டில் வேறுபடுகிறது என்று எடுத்தேன். அந்தப் பைட்டுகள் அடுக்கின் எத்தனையாம் பிளொக்கில் இருக்கின்றன என்பதை ஃபைல்ஃப்ரெக் சொல்லும், பிளொக் ஒன்று 4096 பைட். அந்த இலக்கங்களைக் கோப்பில் எழுதிவிட்டு அடுக்கை நிற்பாட்டி, ஓவர்லேயை எல்லாம் எறிந்து, புதிய ஓவர்லேயில் 1, 2, 3 ஐ ஃபோர்ஸோடு எழுப்பினேன். அதே பிளொக் இலக்கங்களை அங்கிருந்து வாசித்து, 8 டெராபைட்டில் உள்ள கோப்பின் பிரதியில் அதே இடத்தில் ஒட்டினேன். நாற்பது வரிப் பைதன் நிரல். மூலக் கோப்பின் மேல் அல்ல, தனிக் கோப்புறையில் எடுத்த பிரதியின் மேல்.

திகதிப்படி பதினாலு கோப்பு ஆனிக்கு முந்தியவை. பதின்மூன்று சரியாக ஓடின. ஓடுவது மட்டும் சான்றாகாது என்று ஏறாவூர்ப் பக்கத்துக் கலியாண வீட்டாருக்கு அப்போது கொடுத்த பென் டிரைவைக் கேட்டு வாங்கினேன். மாமி அதைச் சீலை வைக்கும் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தா. "என்ன மகன், படத்தில ஏதும் பிழையா?" என்று பயந்துபோனா. இல்லை மாமி, உங்களிடம் இருப்பதுதான் அசல் என்று சொல்லிவிட்டு எம்டி5 செக்சம் பார்த்தேன். ஒட்டுப்போட்ட கோப்பும் பென் டிரைவில் உள்ளதும் ஒன்று, 32 எழுத்தும் பொருந்தின.

பதினாலாவது கோப்பு சித்திரைத் திகதி காட்டியது, ஆனால் ஒட்டிய இடத்தில் முன்பைவிட மோசமான குப்பை. கொஞ்சம் மண்டை காய்ந்த பிறகு, கோப்பின் பதிவு இந்தச் சர்வரில் கடைசியாக மாறியதைக் காட்டும் சீடைம் திகதியைப் பார்த்தேன்: ஆவணி. கமரா கார்டில் சித்திரையில் பதிவானதை ஆவணியில்தான் சர்வருக்கு ஏற்றியிருக்கிறோம். ஆர்சிங்க் பழைய திகதியை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தது. ஆகவே அது புதிய கோப்பு, 3 க்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. மீட்கும் தகுதி பார்க்கச் சீடைமைத்தான் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய ஐந்தில் மூன்று வீடியோ, ஒரு ரோ படம் கீழ்ப் பாதி சாம்பல், ஒரு எடிட்டிங் திட்டக் கோப்பு. திட்டக் கோப்புக்குத் தானியங்கிச் சேமிப்புப் பிரதி பக்கத்திலேயே இருந்தது. வீடியோவில் பச்சைக் கட்டம் வரும் இடத்தை வெட்டி, மற்றக் கமராவின் காட்சியைப் போட்டுவிட்டோம்.

செலவு: 4 டெராபைட் டிஸ்க் 42,000 ரூபாய், 8 டெராபைட் வெளி டிஸ்க் 75,000, யூபிஎஸ் பற்றரி 6,500, சாட்டா வயர் நாலு 1,600, அல்கஹோல் 900. மொத்தம் 126,000. டொக் முன்பே இருந்தது, அது இப்போது நல்ல டிஸ்க் வாசிக்க மட்டும்.

இனி எப்படி வைத்திருக்கிறேன் என்றால், ரெய்ட் 5 ஐக் கைவிட்டாயிற்று. இரண்டிரண்டாக மிரர், அதாவது ஒன்றில் உள்ளதே மற்றதிலும்; இடம் 8 டெராபைட்டாகக் குறைந்தது. கொடுத்து முடிந்த கலியாணங்களை ஒரு வருடத்துக்குப் பிறகு அழிப்பது என்று கூட்டாளியோடு பேசி ஒத்துக்கொண்டோம், அவருக்கு இன்னும் மனமில்லை. டிஸ்க் 3 புது வயரோடு மிரரில் நல்ல பிள்ளையாக ஓடுகிறது. 8 டெராபைட் வெளி டிஸ்க் ஆரையம்பதியில் கூட்டாளி வீட்டில் இருக்கும், மாதம் ஒருக்கா வந்து போகும். சாட்டா முனைகளை வருடத்துக்கு ஒரு தடவை, மாரிக்கு முன், கழற்றித் துடைக்க வேண்டும். ஏழு நொடிக்கு மேல் கெட்ட செக்டரோடு மல்லுக்கட்டாதே என்று டிஸ்க்குக்குச் சொல்லும் ஈஆர்சி அமைப்பை இரண்டு டிஸ்க் ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டும் ஏற்காததால் அவற்றுக்கு மட்டும் 180 விநாடி, ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் தானாகப் போடும்படி எழுதிவிட்டேன்.

எச்சரிக்கை மின்னஞ்சல் இப்போது என் போனுக்கும் கூட்டாளியின் போனுக்கும் வருகிறது. ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க எம்டிஅட்மின் கண்காணிப்புக் கட்டளையில் 'டெஸ்ட்' என்ற தெரிவு உண்டு. அதை ஒவ்வொரு முதலாம் திகதியும் காலை எட்டு மணிக்கு ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலையைத் தொடக்கும் கிரொனில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எட்டரை மணிவரை மெயில் வராவிட்டால் கூட்டாளி எனக்கு அழைக்க வேண்டும் என்பது பேச்சு.